மில்லில் ஆள் எடுக்கிறார்கள்

அமெரிக்காவில் ஜனங்கள் துண்டு வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். அதனால் கரூரில் துண்டும் படுக்கை விரிப்பும் நெய்து கப்பலேற்றுகிறவர்கள் நூல் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். அதனால் நாளையிலிருந்து மில் ஓடாது. 2008 டிசம்பரில் ஒரு சனிக்கிழமை, பகல் ஷிப்ட் முடிந்ததும், கோவில்பட்டிக்குத் தெற்கே நெடுஞ்சாலையை ஒட்டியிருந்த அந்த நூல் மில்லின் முற்றத்தில் எல்லோரையும் நிற்க வைத்து மேனேஜர் கிருஷ்ணராஜ் சொன்னது இவ்வளவுதான்.

பெருமாயி முன்வரிசையில் நின்றிருந்தாள். தலைமுடியிலும் புருவத்திலும் பஞ்சுத் தூசி இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அவளுக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. பதினேழு வருஷமாக அதே மில்லில் நூல் நூற்கும் மிஷினில் வேலை. ஓடுகிற மிஷினை நிறுத்தாமலே அறுந்த இழையைப் பிடித்து ஒட்டிவிட்டு, நூல் சுற்றும் அடுத்த கதிருக்கு நகர வேண்டும். எட்டு மணி நேரமும் நடையும் விரலுமாகவே போகும். அவளுக்கு எதிர் மிஷின் வள்ளித்தாயுடையது. வள்ளித்தாய் நான்கு வயது இளையவள். கயத்தாறு பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து மில் பஸ்ஸில் வந்து போகிறவள். புருஷனைக் காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டு ஒரே மகளோடு இருந்தாள். மிஷின் இரைச்சலில் பேச்சு கேட்காது என்பதால் இருவரும் உதட்டசைவிலேயே ஊர்க்கதை முழுவதையும் பேசி முடித்துவிடுவார்கள்.

மேனேஜர் உள்ளே போனதும் வள்ளித்தாய் கேட்டாள். "யக்கா, அமெரிக்காக்காரன் இனிமே குளிச்சிட்டு எதை வச்சுத் துவட்டுவான்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பெருமாயியும் சிரித்தாள். பொங்கல் கழிந்தால் மில்லை ஓட்டிவிடுவார்கள் என்றுதான் அன்று எல்லோருக்கும் நினைப்பு.

பொங்கல் கழிந்தது. பங்குனியில் மில் பஸ்ஸை விற்றார்கள். ஆடியில் ஆட்களை ஐந்தைந்து பேராக வரச் சொல்லி, கையெழுத்து வாங்கிக்கொண்டு, சர்வீசை முடித்து அனுப்பினார்கள். கையெழுத்துப் போட இஷ்டமில்லாதவர்கள் கோர்ட்டுக்குப் போகலாம் என்று கிருஷ்ணராஜ் மரியாதையாகவே சொன்னார். ஒருவரும் போகவில்லை.

பெருமாயியின் புருஷன் நல்லக்கண்ணு ஒரு காலத்தில் லோடுமேன். லாரி மேலிருந்து மூட்டையோடு விழுந்து இடுப்பு ஒடிந்ததிலிருந்து ஐந்து வருஷமாக வீட்டோடுதான். டீக்கடையில் எல்லோரும் படித்து முடித்த பேப்பரை மத்தியானம் வாங்கி வந்து ஒரு வரி விடாமல் படிப்பார். மில் நின்றதிலிருந்து அவர் கவனமெல்லாம் உலக விவகாரத்தின் மேல்தான். "ஏட்டி, அடுத்த காலாண்டுல கொஞ்சம் தலை தூக்குமாம்" என்பார். அந்தக் காலாண்டு போகும். "ஆசியாதான் முதல்ல எந்திரிக்குமாம். ஐரோப்பாவுக்கு இன்னும் நாளாகும்னு போட்டிருக்கான்" என்பார். தீப்பெட்டி ஆபீஸ் என்று ஊரில் சொல்லும் தொழிற்சாலைக்கு அவள் இப்போது போய்க்கொண்டிருந்தாள். அங்கே நாளெல்லாம் குச்சிகளைக் கட்டையில் அடுக்கிவிட்டு வந்து, மரத்துப்போன கட்டை விரலை நீவிக்கொண்டே பெருமாயி கேட்டுக்கொண்டிருப்பாள்.

"ஆசியான்னு சொல்லுதீங்களே, கோவில்பட்டி அதுல வருதா?" என்று ஒரு நாள் கேட்டாள். கேலிக்குக் கேட்கவில்லை. அவரும் கொஞ்சம் யோசித்துவிட்டு, "வரும்" என்றார்.

வள்ளித்தாய்க்குத் தீப்பெட்டி ஆபீஸ் கிடைக்கவில்லை. அவள் ஊரிலிருந்து தினமும் பஸ்ஸுக்குக் கொடுத்து வந்தால் கூலி அதற்கே சரியாகிவிடும். நூறு நாள் வேலைக்குப் போனாள். அது முடிந்ததும் வேலிக்கருவை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்குகிற இடத்துக்குப் போனாள். பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்திருந்த மகள் ஜெயப்பிரியாவின் படிப்பு அந்த வருஷத்தோடு நின்றது. கோவில்பட்டி சந்தையில் எப்போதாவது பார்க்கும்போது வள்ளித்தாயின் கைகள் முழங்கை வரை கீறலாக இருக்கும். "மில்லு எப்பக்கா திறப்பான்?" என்பாள். பெருமாயி தன் புருஷன் பேப்பரில் படித்ததைச் சொல்லுவாள்.

2010 மாசி மாதத்தில் கிருஷ்ணராஜிடமிருந்து ஆள் வந்தது. பெருமாயி அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. தலைக்குக் குளித்து, பெட்டியில் மடித்து வைத்திருந்த மில் யூனிபார்ம் சேலையையே கட்டிக்கொண்டு போனாள்.

மேனேஜர் ரூமில் சுவருக்குப் புதிதாக வெள்ளை அடித்திருந்தது. "கரூர்லேருந்து நூல் கேக்கான் பெருமாயி," என்றார் கிருஷ்ணராஜ். "நாலு மிஷினை ஓட்டிப் பாப்போம்னு முதலாளி சொல்லிட்டாரு. போகப் போகப் பத்து, பன்னெண்டுன்னு ஏத்தலாம்."

"எங்களை எப்ப வரச் சொல்லுதீங்க சார்?"

அவர் பேனாவை மூடி வைத்தார். "பழைய ஆளுகளை எடுக்கிறதா இல்ல. மறுபடியும் இதே மாதிரி ஒண்ணு வந்துச்சுன்னா, நிரந்தர ஆளுகளை வச்சுக்கிட்டு முதலாளி தவிக்க முடியாது. இனிமே எல்லாம் காண்ட்ராக்ட். வயசுப் பிள்ளைக. பின்னாடி குடோனை ஹாஸ்டலா மாத்தியிருக்கு, அங்கனயே தங்கணும். மூணு வருஷம் முடிச்சுட்டா கல்யாணச் செலவுக்கு மொத்தமா ஒரு தொகை. இடையில நின்னா அது கிடையாது."

பெருமாயி எழுந்துகொள்ளப் பார்த்தாள்.

"உக்காரு. உன்னை எதுக்குக் கூப்பிட்டேன்னு கேக்கலையே. பிள்ளைகளை யாரோ ஒருத்தனை நம்பி அனுப்ப மாட்டாங்க. பதினேழு வருஷம் இங்க வேலை பாத்த பொம்பளை வந்து கேட்டா அனுப்புவாங்க. நீ ஊரூராப் போய் ஆள் கொண்டு வா. ஹாஸ்டலுக்கு வார்டனா உன்னையே போடுதேன். மாசச் சம்பளம், சாப்பாடு. புருஷனைப் பாக்க ஞாயித்துக்கிழமை வீட்டுக்குப் போயிட்டு வரலாம்."

அவள் யோசித்துச் சொல்வதாகச் சொல்லவில்லை. அங்கேயே சரி என்றாள். பிறகு நினைத்துப் பார்க்கும்போதெல்லாம் அந்த ஒரு நிமிஷம்தான் அவளுக்கு ஞாபகம் வரும். மற்றவர்களைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. வாயில் சரி என்ற சொல்தான் தயாராக இருந்தது.

மூன்று வாரம் அலைந்தாள். விளாத்திகுளம் தாண்டிக் குளத்தூர் வரைக்கும், பாஞ்சாலங்குறிச்சியைச் சுற்றியிருந்த ஊர்களுக்கும் போனாள். இரண்டு வருஷமாக மழை தப்பி, உளுந்தும் சோளமும் காய்ந்துபோன ஊர்கள். உப்பளத்துக்குப் போய் வந்த கால்களை வாசலில் நீட்டி உட்கார்ந்திருக்கும் தாய்மாரிடம், மிஷின் வேலை நிழலில்தான், மூன்று வேளையும் சோறு உண்டு, நான் கூடவே இருப்பேன் என்றாள். எல்லாம் உண்மைதான். கேட்டைப் பூட்டிச் சாவியைத் தானே வைத்திருக்கப் போவதையும், செல்போன் கூடாது என்பதையும் யாராவது கேட்டால் மட்டும் சொன்னாள். இருபத்தாறு பெண்களைக் கொண்டு வந்து சேர்த்தாள்.

வள்ளித்தாயின் ஊருக்கு மட்டும் போகவில்லை. ஆனால் செய்தி அங்கே போய்விட்டது. பங்குனியில் ஒரு காலை நேரம் வள்ளித்தாயே மில் கேட்டில் வந்து நின்றாள். பக்கத்தில் கையில் ஒரு துணிப்பையோடு ஜெயப்பிரியா. தாயின் உயரம், தாயின் நெற்றி. கண் மட்டும் எதையும் நேராகப் பார்க்காமல் தரையில் இருந்தது.

"பழைய ஆளுகளை எடுக்கலட்டி," என்றாள் பெருமாயி. "நானும் மிஷின்ல இல்ல. சும்மா பிள்ளைகளைப் பாத்துக்கிடத்தான்."

"தெரியும்க்கா. எனக்காக வரல. இவளை எடுத்துக்கிடச் சொல்லு."

"பதினெட்டு ஆகணும்லா."

"ஆவணி வந்தா பதினெட்டு. நீ சொன்னா எழுதிக்கிடுவாவ." வள்ளித்தாய் குரலைத் தாழ்த்தினாள். "கரிமூட்டத்துக்கு இவளும் வாரேன்னு நிக்கா. அங்க வெட்டுற ஆம்பளைக பார்வையே சரியில்ல. உன் கண்ணு முன்னாடி இருந்தா நான் நிம்மதியா இருப்பேன்."

கிருஷ்ணராஜ் வயதைப் பதினெட்டு என்றே எழுதிக்கொண்டார். ஜெயப்பிரியாவுக்குக் கிடைத்தது அவள் அம்மா நின்ற அதே மிஷின். யாரும் வேண்டுமென்று கொடுத்ததில்லை. அப்போது ஓடத் தொடங்கிய ஆறாவது மிஷின் அதுதான். ஒரு மாதத்தில் அவள் கை பழகிவிட்டது.

வெயில் காலம் முழுக்க ஆர்டர் ஏறிக்கொண்டே போனது. மின்வெட்டு நேரத்தில் ஜெனரேட்டர் போட்டு ஓட்டினார்கள். ஷிப்ட் முடிந்து வந்து படுத்த பிள்ளைகளை மறுபடி எழுப்பி அனுப்பச் சொல்லி ஆபீசிலிருந்து சீட்டு வரும். எழுப்புவது பெருமாயியின் வேலை. அவளால் முடிந்ததைச் செய்தாள். இருமுகிற பிள்ளைக்குக் கஷாயம் வைத்தாள், வயிற்று வலிக்காரிக்கு ஒரு நாள் ஓய்வு கேட்டு வாங்கினாள். ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் போனில் ஆளுக்கு ஐந்து நிமிஷம் என்றிருந்ததை ஏழு எட்டு நிமிஷம் வரை கண்டுகொள்ளாமல் விட்டாள். பிள்ளைகள் அவளைப் பெரியம்மா என்றார்கள். அந்தச் சொல்லுக்குத் தகுதியாகத்தான் இருக்கிறோம் என்று அவளும் நம்பினாள்.

ஆவணி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆபீஸ் போன் அடித்தது. பெருமாயிதான் எடுத்தாள். வள்ளித்தாயின் பக்கத்து வீட்டுப் பெண் பேசினாள். பத்து நாளைக்கு முன்னால் வள்ளித்தாய் காலில் கருவை முள் ஏறியிருக்கிறது. பிடுங்கிப் போட்டுவிட்டு வேலைக்குப் போயிருக்கிறாள். கால் வீங்கி, இரண்டு விரல் கறுத்து, இப்போது கோவில்பட்டியில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது. சர்க்கரை வியாதி இருப்பதே இப்போதுதான் தெரிந்ததாம். விரலை எடுக்க வேண்டும் என்கிறார்கள். மகள் வராமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று பிடிவாதம் பிடிக்கிறாள்.

"உடனே அனுப்பி விடுங்கக்கா," என்றாள் அந்தப் பெண். "யாரு சொல்லியும் கேக்க மாட்டேங்கா."

பெருமாயி நேராக மேனேஜர் ரூமுக்குப் போனாள். கிருஷ்ணராஜ் முழுவதையும் கேட்டார். கெட்ட மனிதர் இல்லை. கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"வியாழக்கிழமை தூத்துக்குடிக்குக் கன்டெய்னர் போகணும். ஒன்றரை வருஷத்துல நமக்கு நேரா வந்த முதல் வெளிநாட்டு ஆர்டர். கப்பல் தப்பிச்சுன்னா அவன் அடுத்த தடவை நம்மகிட்ட வர மாட்டான். ஏற்கெனவே நாலு பிள்ளைக காய்ச்சல்ல படுத்திருக்கு. வெள்ளிக்கிழமை காலையில நானே வண்டி போட்டு அனுப்புதேன்."

"கையெழுத்துப் போட மாட்டேங்காளாம் சார்."

"ரெண்டு விரலுதானே. வேற யாராவது சொந்தக்காரங்க போடட்டும். நீ அந்தப் பிள்ளைகிட்ட இப்பச் சொல்லிராத. சொன்னா அழுவா. ஒருத்தி அழுதா அத்தனையும் வீட்டுக்குப் போகணும்னு நிக்கும்."

பெருமாயி சொல்லவில்லை. செவ்வாய் சொல்லவில்லை, புதன் சொல்லவில்லை. புதன்கிழமை சாப்பாட்டு நேரத்தில் ஜெயப்பிரியா தட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "என்ன பெரியம்மா, ரெண்டு நாளா ஒரு மாதிரி இருக்கீங்க?" என்று கேட்டாள். தலைவலி என்றாள் பெருமாயி. அந்தப் பெண் எழுந்து போய்த் தன் பெட்டியிலிருந்து தைலம் எடுத்து வந்து கொடுத்தாள்.

வியாழக்கிழமை காலை மறுபடி போன் வந்தது. இந்தத் தடவை பக்கத்து வீட்டுப் பெண் கோபத்தில் பேசினாள். காய்ச்சல் ஏறி ஆளுக்கு நினைவு போய்ப் போய் வருகிறது, திருநெல்வேலிக்கு ஆம்புலன்சில் கொண்டுபோகிறார்கள், இனி விரலோடு போகாது, காலையே எடுக்க வேண்டியிருக்கும் என்கிறார்கள். "பெத்த பிள்ளைட்ட சொன்னீங்களா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க" என்றாள்.

பெருமாயி போனை வைத்தாள். மேனேஜர் ரூமுக்குப் போகவில்லை. மில்லுக்குள் போனாள். வார்டனானதிலிருந்து ஷிப்ட் நேரத்தில் அவள் உள்ளே போனதில்லை. ஜெயப்பிரியா மிஷின் ஓரமாக நடந்து வந்துகொண்டிருந்தாள். அந்த இரைச்சலில் கத்திப் பிரயோஜனமில்லை. "அம்மாவுக்கு உடம்பு சரியில்ல, வா" என்று உதட்டை மட்டும் அசைத்தாள். அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. பெருமாயி அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். பின்னால் இழைகள் அறுந்து பஞ்சு பறப்பதை மேஸ்திரி பார்த்துக் கையை ஆட்டிக் கூப்பிட்டது தெரிந்தது.

கேட்டில் வாட்ச்மேன் சங்கரபாண்டியன் எழுந்து நின்றார். "பாஸ் எங்க பெருமாயி?"

"பாஸ் இல்ல அண்ணாச்சி. வள்ளித்தாய் சாகக் கிடக்கா."

"நம்ம வள்ளித்தாயா?" அவர் ஒரு கணம் அந்தப் பெண்ணைப் பார்த்தார். "எனக்கும் ரெண்டு பிள்ளைக இருக்கு. பாஸ் இல்லாம விட்டா நாளைக்கு நான் இங்கன இருக்க முடியாது."

"நீங்க விட வேண்டாம். நான் தள்ளிட்டுப் போனேன்னு சொல்லுங்க." இடுப்பிலிருந்த ஹாஸ்டல் சாவிக்கொத்தை எடுத்து அவர் மேஜையில் வைத்தாள். அவர் குனிந்து அந்தச் சாவிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பெருமாயி சின்ன கேட்டைத் தள்ளித் திறந்தாள்.

திருநெல்வேலி பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. ஜெயப்பிரியா யூனிபார்ம் உடுப்போடு, தலையெல்லாம் பஞ்சோடு ஜன்னலோரம் இருந்தாள். என்ன ஆச்சு, எப்போது ஆச்சு என்று கேட்டுக்கொண்டே வந்தாள். பெருமாயி முள்ளைச் சொன்னாள், விரலைச் சொன்னாள், கையெழுத்தைச் சொன்னாள். செவ்வாய்க்கிழமையே போன் வந்ததையும் சொன்னாள். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது.

அந்தப் பெண் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பஸ் கயத்தாறில் நின்று ஆள் ஏற்றும்போது, வெளியே பார்த்தபடியே, "நேத்து தைலம் தந்தேன்லா, அப்பவும் தெரியுமா?" என்றாள்.

"தெரியும்."

அடுத்த சீட் காலியானதும் ஜெயப்பிரியா எழுந்து அங்கே போய் உட்கார்ந்துகொண்டாள்.

வள்ளித்தாய்க்கு நினைவு இருந்தது. மகளைப் பார்த்ததும் கையை நீட்டி, அவள் தலையிலிருந்த பஞ்சை ஒவ்வொன்றாக எடுத்தாள். பிறகு, "எங்க போடணும்?" என்று கேட்டு, நர்ஸ் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். மத்தியானத்துக்கு மேல் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். வெளியே வந்த டாக்டர் யார் கூட வந்தது என்று கேட்டார். பெருமாயி எழுந்தாள்.

"செவ்வாய்க்கிழமை கையெழுத்துப் போட்டிருந்தா ரெண்டு விரலோட போயிருக்கும். ஏம்மா இவ்வளவு நாள் வச்சிருந்தீங்க?" என்றார். அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டார்.

மூன்று நாள் பெருமாயி ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே இருந்தாள். ஜெயப்பிரியா அவளோடு தேவைக்கு மட்டும் பேசினாள். நான்காம் நாள் வள்ளித்தாய் எழுந்து தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தாள். மகள் டம்ளர் கழுவப் போன நேரத்தில் பெருமாயி அவளிடம் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போது கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

வள்ளித்தாய் கேட்டுக்கொண்டே போர்வையை இழுத்து விட்டுக்கொண்டாள். கால் இருந்த இடத்தில் அது தட்டையாகக் கிடந்தது.

"பிள்ளை சொல்லிட்டா," என்றாள். "அதைப் பேசி இனி என்னக்கா. இவளை எப்பக் கொண்டு போய் விடுத?"

"எங்கட்டி?"

"மில்லுக்கு."

பெருமாயி கட்டில் கம்பியை விட்டாள். "வேண்டாம்ட்டி. அங்க வேண்டாம். தீப்பெட்டி ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போறேன். என் வீட்டுலயே இருக்கட்டும்."

"தீப்பெட்டிக் கூலி எனக்கு மருந்துக்குக் காணுமா? நான் நிக்க முடியாது. வெட்ட முடியாது. யாரு என்னை எடுப்பா?" வள்ளித்தாயின் குரல் உயரவே இல்லை. "மூணு வருஷம் முடிச்சா கல்யாணத்துக்குத் தருவான்லா. நொண்டி பெத்த பிள்ளையை எவன் சும்மா கட்டுவான்?"

டம்ளரோடு வாசலில் நின்ற ஜெயப்பிரியா, "நான் போகலம்மா" என்றாள்.

"போகாம?"

அந்தப் பெண் உள்ளே வந்தாள். டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தாயின் கட்டிலில் உட்கார்ந்து, முந்தானையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வள்ளித்தாய் அவள் முதுகைத் தடவிக்கொண்டே பெருமாயியைப் பார்த்தாள். "நீ கூட்டிட்டு வந்த. நீயே கொண்டு போய் விடு" என்றாள்.

மறுநாள் காலை பெருமாயி ஜெயப்பிரியாவை மில்லுக்குக் கூட்டிப் போனாள். கேட்டில் சங்கரபாண்டியன் இல்லை. வேறொரு ஆள் இருந்தான். மேனேஜர் ரூமில் கிருஷ்ணராஜ் இருவரையும் உட்காரச் சொன்னார். கன்டெய்னர் நேரத்துக்குப் போய்விட்டது என்றார். அதே ஆள் அடுத்த மாதத்துக்கு இரண்டு மடங்கு கேட்டிருக்கிறான் என்றார். வள்ளித்தாயின் காலைப் பற்றிக் கேட்டு, உண்மையிலேயே வருத்தப்பட்டார்.

"பிள்ளையைச் சேத்துக்கிடுதேன்," என்றார். "ஆனா சொல்லாம வெளிய போனதுனால பழைய மாசங்கள் கணக்குல வராது. மூணு வருஷம் இன்னையிலேருந்து புதுசா. ஆபீஸ்ல வச்சிருக்கிற விதி. நான் மாத்த முடியாது."

"நான்தான் சார் இழுத்துட்டுப் போனேன். அது தன்னால போகல."

"அதுக்குத்தான் உன்னை மறுபடி வேலைக்கு எடுக்கலையே பெருமாயி." அவள் கணக்கை முடிக்கிற தாளை மேஜை மேல் அவள் பக்கம் திருப்பினார். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. போட்டாள். புது வார்டன் வாசலில் வந்து நின்றாள். எட்டயபுரம் பக்கத்துக்காரி, பெருமாயியை விட வயது குறைந்தவள்.

ஜெயப்பிரியா பையை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் நடந்தாள். ஹாஸ்டல் நடையில் கால் வைக்கும் முன் திரும்பி வந்தாள். பெருமாயியின் முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

"அம்மைக்கு வியாழக்கிழமை வியாழக்கிழமை கட்டு மாத்தணும். ஊர்ல வேற யாரும் இல்ல. நீங்க போவீங்களா?"

"போவேன்."

"போகாட்டி எனக்கு எப்படித் தெரியும்?"

அந்தப் பெண் பெருமாயியின் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. உள்ளே போய்விட்டாள்.

பெருமாயி மறுபடி தீப்பெட்டி ஆபீசில் சேர்ந்தாள். வியாழக்கிழமைகளில் மட்டும் போகமாட்டாள். அதற்குக் கூலி கிடையாது. விடிந்ததும் பஸ் ஏறி வள்ளித்தாயின் ஊருக்குப் போய், அவளைக் குளிப்பாட்டி, கயத்தாறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கட்டு மாற்றிவிட்டு, திரும்பக் கொண்டு வந்து விடுவாள். போகிற நாளெல்லாம் வள்ளித்தாய் அவளோடு பேசவே இல்லை. ஊசிக்கும் மருந்துக்கும் தலையை ஆட்டுவாள், அவ்வளவுதான். பெருமாயியும் பேசச் சொல்லிக் கேட்கவில்லை. நல்லக்கண்ணு மட்டும் ஒரு நாள், வாரத்தில் ஒரு நாள் கூலி போகிறதே என்று ஆரம்பித்தார். அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் பேப்பரை விரித்துக்கொண்டார்.

ஐப்பசியில் மழை பிடித்தது. இரண்டு வருஷமாக வராத மழை, ஒரே வாரத்தில் வந்தது. வள்ளித்தாயின் ஊருக்குள் வருகிற மினி பஸ் கரிசல் சேற்றில் இறங்காமல் மெயின் ரோட்டோடு நின்றுகொண்டது. வீட்டிலிருந்து ரோட்டுக்கு முக்கால் மைல் இருக்கும். அக்குள் கட்டையை ஊன்றினால் சேறு அதைப் பிடித்துக்கொண்டு விட மறுத்தது. இரண்டு எட்டு வைப்பதற்குள் வள்ளித்தாய் ஒருமுறை விழப் பார்த்தாள். பெருமாயி குனிந்து முதுகைக் காட்டினாள்.

வள்ளித்தாய் தலையை ஆட்டி மறுத்தாள்.

"ஏறு."

வள்ளித்தாய் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பெருமாயி நிமிர்ந்து நடக்கத் தொடங்கினாள். ஒவ்வொரு அடிக்கும் சேறு செருப்பைப் பிடித்து இழுத்தது. செருப்பைக் கழற்றி அங்கேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு நடந்தாள். ஓடையைத் தாண்டியதும் மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு கருவை மரத்தடியில் நின்றாள். கீழே முள் கிடக்கிறதா என்று இருவருமே பார்த்தார்கள்.

"கனம் முன்னைக்கு இப்பக் கம்மியாத்தான இருக்கேன்," என்றாள் வள்ளித்தாய் அவள் காதோரம்.

இரண்டு மாதத்துக்குப் பிறகு அவள் பேசிய முதல் பேச்சு அது. சிரிப்பதற்காகச் சொன்னதா, குத்துவதற்காகச் சொன்னதா என்று பெருமாயிக்குப் பிடிபடவில்லை. கேட்கவும் இல்லை. முதுகிலிருந்தவளை ஒருமுறை மேலே ஏற்றிப் பிடித்துக்கொண்டு, பஸ் போய்விடக்கூடாதே என்று ரோட்டைப் பார்த்து நடந்தாள்.